வியாழக்கிழமைப் பல்வலி

"சார், இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பணும். பல்வலி," என்றாள், வானொலி நிலையத்தில் காலைச் செய்தி வாசிக்கும் பெண்.

நிலைய இயக்குநர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். எதற்கும் அசையாத மனிதர். நிலையத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'பாறை'.

"போன வியாழக்கிழமையும் பல்வலிதானே? எந்தப் பக்கம்?"

"இடது பக்கம், சார்."

"போன வாரம் வலது கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க."

"அது... பரவிடுச்சு, சார்."

"எந்த டாக்டர்கிட்ட காட்டறீங்க?"

அவசரத்துக்கு அவளுக்குப் பொய் வரவில்லை. "தபால் ஆபீஸ் எதிர்ல, மருந்துக்கடை மாடியில, சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "மாத்திரை குடுத்தாரா?"

"குடுத்தார்."

"அது வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும். நடுவுல நீங்களா நிறுத்திடாதீங்க. ஸ்டுடியோவுல சிவப்பு விளக்கு எரிஞ்சதும் நெஞ்சு படபடன்னு அடிச்சு, உயிரே போயிடும்போல இருக்கும். போகாது. மூச்சை மெதுவா வெளிய விடுங்க, அதுவா அடங்கிடும்."

அவள் முகம் வெளுத்தது. விஷயம் தெரிந்தால் செய்தி வாசிக்கவே விடமாட்டார்கள் என்று பயந்து, வீட்டில்கூட அவள் மூச்சு விட்டதில்லை.

"சார், பல்வலிக்கு எதுக்கு இதெல்லாம்..."

"அந்த மாடியில பல் டாக்டரே கிடையாதும்மா. மனநல டாக்டர் ஒருத்தர்தான்."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

பாறை கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குச் செவ்வாய்க்கிழமையில பல் வலிக்கும்."