பதில் சொல்லாத கிளெனிஸ்

காரின் பின்னால் கேரவன் என்ற வீட்டு வண்டியை இழுத்தபடி மலை முகாமிலிருந்து கிளம்பிய வெர்னின் எதிரே, "நிறுத்துங்க!" என்று கைகளை விரித்து நின்றாள் பக்கத்துக் கேரவனில் தங்கியிருந்த கிளெனிஸ்.

"என்னம்மா, இப்பதான் வாய் திறந்துச்சா? காலையில எவ்வளவு பேசினேன், ஒரு 'குட்மார்னிங்' கூட வரல. அவ்வளவு திமிரா?"

"அப்ப என் கேரவனை கார்ல மாட்டிக்கிட்டிருந்தேன். மாட்டும்போது நான் யார்கிட்டயும் பேச மாட்டேன் வெர்ன். கவனம் போயிடும்."

"நான் இருபது வருஷமா பேசிக்கிட்டேதான் மாட்டுறேன். மலை இறங்கணும், வழிய விடுங்க."

"இன்னைக்கு எப்ப மாட்டினீங்க?"

"உங்களைத் திட்டிக்கிட்டே."

"இறங்கிப் பாருங்க."

சிரித்துக்கொண்டே பின்னால் போன வெர்ன், குனிந்து பார்த்தான்.

இறக்கத்தில் கேரவன் கழன்றால் பிடித்து நிறுத்த வேண்டிய இரண்டு சங்கிலிகளும், மாட்டப்படாமல் மண்ணில் கிடந்தன.