ஹேண்ட்பிரேக் போடாத வண்டி

கெய்ரோவின் நெரிசலான தெருக்களில் காரை நிறுத்துபவர்கள் ஹேண்ட்பிரேக் போடுவதில்லை. தெருவில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அஷூர் அவற்றை முன்னும் பின்னும் தள்ளி, அடுத்த வண்டிக்கு இடம் பண்ணுவான்.

ஒரு காலையில் அவன் மாடி வீட்டிலிருந்த ரிஃபாத்தைக் கீழே கூப்பிட்டான்.

"நீங்க வித்த நீல வண்டி வந்து நிக்குது, ஐயா."

ரிஃபாத் ஆசையாக வைத்திருந்த வண்டி அது. பிரேக் சரியாகப் பிடிக்காததை மறைத்துப் போன வருடம் விற்றார். ஒரே மாதத்தில் அது பிரேக் பிடிக்காமல் கால்வாயில் பாய்ந்தது. வாங்கியவன் மட்டும் நீந்திக் கரையேறினான். அவன் மனைவியும் மூன்று பிள்ளைகளும் வண்டியோடு மூழ்கிப்போனார்கள்.

ரிஃபாத் இறங்கி வந்தார். வெயிலில் தூசித்துணி போர்த்தி நின்ற வண்டியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்பவும் இத ஒத்தக் கையால தள்ளுவேன், இன்னிக்கு அசைய மாட்டேங்குது," என்றான் அஷூர். "ஆளுங்க உக்காந்திருக்கற கனம். துணிய விலக்கிப் பாத்தா, உள்ள ஒரு அம்மாவும் மூணு புள்ளைங்களும் நனஞ்சுபோய் உக்காந்திருக்காங்க. வண்டியத் தள்ளணும், இறங்குங்கன்னேன். ஓட்டுறவரு மேல மாடியில இருக்காரு, இப்ப இறங்கி வந்துடுவாருன்னு சொல்றாங்க."