என் முறை

நாற்காலியில் உட்கார்ந்ததும் எதிரே இருந்த பெண்ணின் கழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். முடிவெட்டுகிறவனின் புத்தி வேறு எங்கே போகும்?

இடது பக்கம் இறுகிப்போயிருந்தது. தலைமுடியை அவசரத்தில் அள்ளி முடிந்திருந்தார். ஒழுங்காகத் தூங்கி நாளாகிறது என்று தெரிந்தது.

நூலகத்தின் மேல்மாடியில் குழந்தைகள் படம் வரைகிற அறை அது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் மனநல ஆலோசனைக்கு விடுகிறார்கள். இந்தப் பெண்ணைப் போல அந்தப் படிப்புப் படிக்கிறவர்கள் பயிற்சிக்காக வந்து உட்காருவதால் காசு கிடையாது. காசு கிடையாது என்றால் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? மழைக்காலத்தில் பெயரும் தொழிலும் எழுதிக் கொடுத்தேன். வெயில் கொளுத்த ஆரம்பித்த பிறகுதான் கூப்பிட்டார்கள்.

ஆளுக்கு முக்கால் மணி நேரம். அதற்குள் நான் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இன்று விட்டால் அடுத்த முறை எப்போது வருமோ தெரியாது. பேருந்தில் வரும்போதெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"சொல்லுங்கண்ணா, எப்படி இருக்கீங்க?" என்றார்.

வாயெடுத்தேன். தாடியைச் சொறிந்தேன். கடைசியில், கடையில் செய்வதைத்தான் செய்தேன்.

"நீங்க சரியாத் தூங்கலையாம்மா?"

ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். எங்கள் தொழிலில் அவ்வளவுதான் வித்தை. கத்தரி சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் போதும், எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரனும் வாயைத் திறந்துவிடுவான்.

ஊரில் பாதிப் பேரின் குடும்பக் கதை என் வயிற்றுக்குள் கிடக்கிறது. முன்பெல்லாம் சாப்பிட உட்காரும்போது மனைவியிடம் கொட்டிவிடுவேன். அவள் போய்ச் சேர்ந்த பிறகு கொட்ட இடமில்லை. இப்போதெல்லாம் வீட்டில் என் குரல் கேட்டால் எனக்கே தூக்கிவாரிப் போடுகிறது.

இங்கே கத்தரி இல்லை, மின்விசிறி இருந்தது. அதுவே போதுமானதாகிவிட்டது.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆரம்பித்தார். மாமியார் ஒரு சொல் சொல்லிவிட்டாராம். வீட்டுக்காரர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லையாம். இந்தப் படிப்பே வேண்டாத வேலையோ என்று தோன்றுகிறதாம். நான் 'ம்' கொட்டினேன். சரியான இடத்தில் 'அடடா' போட்டேன். அவர் கண் கலங்கியதும், கடையில் துண்டை எடுத்து நீட்டுகிற மாதிரி, எனக்காக வைத்திருந்த டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன்.

பாவம், நல்ல பெண். ஆனால் எனக்குள் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. இங்கேயும் நான்தான் கேட்க வேண்டுமா?

கதவுக்கு வெளியே அடுத்த ஆள் செருமினார்.

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது.

"ஐயோ, உங்க நேரத்தையெல்லாம் நானே பேசித் தீர்த்துட்டேனே அண்ணா."

"அதனால என்னம்மா," என்று எழுந்துகொண்டேன். பழக்கதோஷம், தோளில் கிடந்த துண்டை எடுத்து, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு தட்டுத் தட்டினேன். ஒரு மயிரிழைகூட அதில் விழுந்திருக்கவில்லை.

அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாருக்கும் ஷேவிங் பண்றீங்க, உங்களுக்கு மட்டும் ஏன்ணா இவ்ளோ தாடி?"

கடைக்கு வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். புது ஸ்டைல் என்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் கேட்டுவிட்டு அவர் சும்மா இருந்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்தவங்க கழுத்துல கை நடுங்க மாட்டேங்குதும்மா," என்றேன். "என் கழுத்துக்குக் கத்தியைக் கொண்டுபோனா, அது சும்மா திரும்பி வராதோன்னு பயமா இருக்கு."

அவர் எழுந்துபோய், வெளியே நின்றவரிடம் இன்னும் கொஞ்சம் நேரமாகும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். பிறகு, நான் தட்டிவிட்ட நாற்காலியைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.