கட்டிலுக்கடியில் ஒரு ஜோடிச் செருப்பு

வெளிநாட்டில் காண்ட்ராக்டில் சின்ன விமானம் ஓட்ட வந்திருக்கும் புதியவன் பெட்டியைக் கட்டிலில் வைக்கிறான். தகரக் கூரை வெயிலில் முறுகுகிறது. சன்னலோரம் பழைய பைலட் மீசைக்காரன், டிரம்மிலிருந்து பிடித்துவந்த விமானப் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலோடு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வெளிர் நீலப் பெட்ரோலுக்கு அடியில் ஒரு பொட்டுத் தண்ணீர் உருண்டு திரிகிறது. "பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கைய விட்டுக் குடுத்துடாதே. பெட்ரோலை நான் பாத்துட்டேன்னு எவன் சத்தியம் பண்ணாலும் நம்பாதே. நீயே பிடிச்சு நீயே பாரு." பேருந்தில் நிறுத்தத்தின் பெயர் சொல்லும் குரல் அது, ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. புதியவன் மண்டையை ஆட்டுகிறான். அவன் போன் அடிக்கிறது, மனைவி. "இங்க அண்ணன் ஒருத்தர் இருக்கார்மா, எல்லாத்தையும் புட்டுப் புட்டு வைக்கிறார். நீ பயப்படாதே." பேசிக்கொண்டே காலை நீட்டுகிறான். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு ஜோடிச் செருப்பு இடறி வெளியே வருகிறது; குதிகால் பக்கம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. போனை வைத்துவிட்டுக் கேட்கிறான். "இது யாரோடதுண்ணே?"

"உனக்கு முன்னாடி இங்க இருந்தவனோடது."

"ஊருக்குப் போயிட்டாரா?"

"இல்ல. பெட்ரோல்ல தண்ணி. மேல போனதும் எஞ்சின் நின்னுடுச்சு."

"அவருக்கு யாரும் சொல்லலையாண்ணே?"

மீசைக்காரன் பாட்டிலை இன்னொரு தரம் வெயிலில் திருப்பிப் பார்க்கிறான்.

"சொன்னேனே. உன்ன மாதிரியேதான் மண்டைய ஆட்டினான்."