நாலு வீட்டுப் பிள்ளை

மாநிலத்தில் ஐந்து வயதுக்குள் எத்தனை குழந்தைகள் வறுமையில் வாடுகின்றன என்று மதிப்பிட, சங்கரன்கோவிலிலும் சில வீடுகளைப் பொறுக்கியிருந்தார்கள். இங்கே ஒரு பிள்ளையை எழுதினால் மாநிலத்துக்கு ஆயிரம் பிள்ளை என்று கணக்கு.

கணக்கெடுக்கும் கோமதிசங்கர் முதல் வீட்டுக்குள் நுழைந்தார். வாசலில் கார், உள்ளே ஏசி. நடுவில் கன்னம் ஒட்டிய பெண் குழந்தை ஒன்று இட்லி தின்றுகொண்டிருந்தது.

"எம் பிள்ளைதான் சார். மெலிஞ்ச பிள்ளை இருந்தா சர்க்கார்ல ஏதாச்சும் தருவாகளாம்லா?" என்றாள் வீட்டுக்கார அம்மாள்.

குழந்தை அவரைப் பார்த்துக் கையை நீட்டியது.

"யாரைக் கண்டாலும் இப்படித்தான் தாவும்," என்றாள் அந்த அம்மாள். அவர் குனிந்து எழுதிக்கொண்டார்.

இரண்டாம் வீட்டில் அதே குழந்தை, சட்டை மட்டும் மாறி, கையில் அவித்த முட்டையோடு உட்கார்ந்திருந்தது. மூன்றாம் வீட்டில் நேந்திரம்பழம். நான்காம் வீட்டில் பால்கோவா. வீட்டுக்கு வீடு தாய் மட்டும் வேறு.

கோமதிசங்கர் நாலு வீட்டிலும் எழுதிக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் குடுங்கம்மா, பசி போல," என்று மட்டும் சொன்னார்.

பட்டியலில் கடைசி வீடு பின்தெருவில், ஓடு சரிந்த வீடு. ராஜகுமாரி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"அஞ்சு வயசுக்குள்ள பிள்ளை உண்டா?" என்று பேனாவைத் திறந்தார்.

"இல்லைன்னு போடுங்க," என்றாள் அவர் மனைவி ராஜகுமாரி. "நான் இரவல் குடுத்த நம்ம பிள்ளையத்தான் நாலு வீட்டுலயும் எழுதியிருப்பீக. அதுக்கே நாலாயிரம் ஆயிட்டு. இன்னும் கூட்டினா கணக்கு தப்பாயிராதா?"