பறவைக்குப் பன்னிரண்டு கக்கூஸ்

"பறவை பாக்க வர்றவங்களுக்கு பன்னெண்டு கக்கூஸா மேடம்?"

கேட்டேவிட்டான் இம்மானுவேல் மேஸ்திரி. பின்னே, எத்தனை நாள்தான் வாயை மூடிக்கொண்டு கம்பி கட்டுவது?

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஏரிக்கரையில் எழும்புகிறது அந்தப் பறவைப் பார்வையாளர் மையம். பிளான் போட்டவள் நந்தினி. சென்னைக்காரி. வாரத்துக்கு இரண்டு நாள் வந்து, சேறு சகதி பார்க்காமல் அளந்துவிட்டுப் போவாள்.

"ஸ்கூல் பசங்க நிறைய வருவாங்க மேஸ்திரி," என்றாள், பக்கத்தில் நின்ற அதிகாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

"சரி, அத்த வுடுங்க. பத்தடி ஒசரத்துக்குத் தூணு இன்னாத்துக்கு?"

"கீழே தண்ணி தடையில்லாம ஓடணும். மண்ணைக் கொட்டி மேடாக்கினா ஏரி போச்சு. அப்புறம் பறவை எங்கே வரும்?"

எதைக் கேட்டாலும் பறவைதான். கண்ணாடி ஜன்னல் கூடாதாம், பறவை முட்டிச் செத்துவிடுமாம். சூளைச் செங்கல் வேண்டாம், சுடாத மண்கல் போதுமாம், புகை மிச்சமாம். கரண்ட் போனாலும் எரிகிற சோலார் விளக்கு. இருபதாயிரம் லிட்டர் பிடிக்கிற மழைத்தண்ணீர்த் தொட்டி. இதெல்லாம் போதாதென்று, கல்யாண மண்டபத்தில் இருக்கிற மாதிரி ஒரு பெரிய ஹால், ஒரு சமையல்கட்டு.

இம்மானுவேலுக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரியாதா? ஏரிக்கு இந்தப் பக்கம்தான் அவன் காலனி. யாரோ ஒரு கம்பெனிக்காரன் வாய்க்காலை மூடிவிட்டுப் போனதிலிருந்து, ஐப்பசி பிறந்தால் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். போன மழையில் காலனியே மூன்று நாள் ஹைவே மேம்பாலத்தின்மேல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. அவன் மகள் பிரின்சிக்குப் பதினான்கு வயது. அந்த மூன்று நாளும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை அந்தப் பெண். குடித்தால் ஒதுங்க எங்கே போவாள்? மறைவுக்கு ஒரு செடிகூட இல்லை அங்கே. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

'மழைக்கு ஒதுங்க ஒரு கட்டடம் கட்டிக் கொடுங்கள்' என்று நாலு வருஷமாக மனு கொடுக்கிறான். நாலு வருஷமும் ஒரே பதில்தான். நிதி இல்லை.

பறவைக்குன்னா மட்டும் டப்பு எங்கிருந்து வருது?

அன்றைக்குச் சாயங்காலமே பிரின்சியை உட்கார வைத்து, கலெக்டருக்கு ஒரு மனுவைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தான். 'பறவைக்குப் பன்னிரண்டு கக்கூஸ். பத்தடித் தூண். மனுஷனுக்கு ஒன்றுமில்லை. ஏழை வரிப்பணம் வீணாய்ப் போகிறது. ஐயா அவர்கள் உடனே தடுத்து நிறுத்தவும்.'

"அந்த மேடத்துக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்பா."

"போவட்டும். கைத்தொழில் இருக்குது எனக்கு."

மொட்டைக் கடுதாசி போடுகிற ஆள் இல்லை அவன். தன் பேரையே கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

அடுத்த வாரமே ஜீப்பில் நாலு பேர் வந்து இறங்கினார்கள். கட்டி நின்ற கம்பியை அண்ணாந்து பார்த்தார்கள். பிளானை விரித்துக் கக்கூஸை எண்ணினார்கள்.

"மேஸ்திரி கேக்கிறது நியாயம்தானேம்மா? பறவை பாக்க வர்றவன் ரெண்டு மணி நேரம் இருப்பான், போயிடுவான். அவனுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ஹாலு?" என்றார் பெரிய அதிகாரி.

நந்தினி என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் என்றாள், பயிற்சி முகாம் என்றாள். ஒன்றும் எடுபடவில்லை. ஹால் ரத்து. சமையல்கட்டு ரத்து. கக்கூஸ் இரண்டு போதும். தூண் மூன்றடிக்கு மேல் கூடாது.

டீக்கடையில் இம்மானுவேலுக்கு ராஜ மரியாதை. "ஏழை சொல்லு அம்பலம் ஏறாதுன்னு எவன் சொன்னது? ஏத்திட்டான் பாரு நம்ம மேஸ்திரி," என்று காசு வாங்க மறுத்துவிட்டார் கடைக்காரர் தேசப்பன்.

மறுநாள் காலையில் நந்தினி தனியாக வந்தாள். வரட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று காத்திருந்தான் இம்மானுவேல்.

"நான்தான் எழுதுனேன் மேடம். மறைக்க மாட்டேன்."

"தெரியும். மனுவைக் காட்டினாங்க." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனுக்கு என்னவோபோல் இருந்தது. "போன வருஷம் மழை முடிஞ்சதும், உங்க காலனிக்கு ஒரு வெள்ள நிவாரணக் கட்டடம்னு பிளான் போட்டு ஒவ்வொரு ஆபீஸா ஏறி இறங்கினேன். நிதி இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம் இந்தப் பறவை மையம் என் கைக்கு வந்துச்சு. அதே பிளானை இதுக்குள்ள நுழைச்சேன். எவனும் ஒரு கேள்வி கேக்கலை."

இம்மானுவேலுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"எவ்வளவு வெள்ளம் வந்தாலும் பத்தடிக்கு ஏறாது. அந்த ஹால்ல உங்க காலனி ஜனம் மொத்தமும் படுக்கலாம். பொம்பளைப் பிள்ளைங்களுக்குத் தனியா ஆறு கக்கூஸ் ஒதுக்கியிருந்தேன்."

யார்மேல் கோபப்படுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்."

"வெளியே கசிஞ்சா ஃபைலை மூடிடுவாங்கன்னு பயம். வேலை முடியட்டும்னு இருந்தேன்," என்றாள் நந்தினி. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவனிடம் நீட்டினாள். "மழைக்காலத்துல ராத்திரி பகல் பாக்காம ஓடி வந்து கதவைத் திறந்து விடுற ஆளா ஒருத்தர்கிட்ட சாவி இருக்கணும்னு எழுதி வச்சிருந்தேன். அதுல உங்க பேருதான் இருக்கு, மேஸ்திரி."