சரிந்த மண்

மாடக்கண்ணு கான்ட்ராக்டரிடம் வாங்கியிருந்த முன்பணம் பதினேழாயிரத்து நானூறு ரூபாய். அதைக் கழிக்கக் குளம் வெட்டியபோது, கரையோரம் அவனே குவித்திருந்த மண் சரிந்து அவனை மூடியது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அவன் வெட்டிய குழிக்குக் கூலி கணக்கிட ட்ரோன் பறக்கவிட்டு அளந்தார்கள்.

“உள்ள விழுந்த மண்ண, வெட்டாத மண்ணுன்னுதான் மிஷின் காட்டுதுக்கா. ரெண்டாயிரம் பாக்கி நிக்குது,” என்றான் அளக்க வந்தவன்.

மாடக்கண்ணுவின் மனைவி சுடலி மண்வெட்டியோடு இறங்கினாள். புருஷனைத் தோண்டியெடுத்த இடத்திலிருந்து மூன்று நாள் மண்ணை அள்ளிச் சுமந்தாள். கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டு, மறுபடி குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ட்ரோன் மேலே எழும்பியது.

“ஏறி வாக்கா. உள்ள இருந்தா ஒன்னையும் மண்ணுன்னு கழிச்சிரும்.”

“கழிக்கட்டும்யா. நீ அள.”

அளந்தான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்:

“ஒன்னக் கழிச்சும் பாக்கி இல்லக்கா.”